குழாய்க்கு ஒரு வரலாறு, படலத்துக்கு ஒரு வரலாறு

(சற்று நீளமான பதிவு. வரலாறு, மொழியியல், உயிரியல் மாணவர்கள் பொறுமையுடன் வாசிக்க வேண்டுகிறேன்.)

1978 அக்டோபர் 3 அன்று கொல்கத்தாவில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. துர்கா பூசைக் காலம் ஆதலால் அக்குழந்தை துர்கா என்றே அறியப்பட்டது. அதற்குச் சரியாக 70 நாள்களுக்கு முன்பு, ஜூலை 25 அன்று, இங்கிலாந்தின் ஓல்டாம் நகரில் லூயி பிரவுன் பிறந்திருந்தாள். இரு குழந்தைகளையும் உலகம் ஒரே தொடரால் குறித்தது: சோதனைக் குழாய்க் குழந்தை. அத்தொடர் எதைக் காட்டுகிறது, எதை மறைக்கிறது என்பதே இப்பதிவின் பொருள். இது பெயர்கள் பற்றிய ஆர்வத்தில் தொடங்கிய தேடல். ஓர் ஆய்வாளரின் மரணத்தில் வந்து நின்றது.

முதலில் தொடரைப் பார்ப்போம். ‘இன் விட்ரோ’ என்னும் இலத்தீன் தொடருக்குக் ‘கண்ணாடியினுள்’ என்பது பொருள். செய்தித்தாள்கள் அதனை ஆங்கிலத்தில் சோதனைக் குழாய் ஆக்கின. தமிழ் அப்படியே பெயர்த்துக்கொண்டது. உண்மையில் கருவுறுதல் நடப்பது பெரும்பாலும் தட்டையான ஆய்வகத் தட்டில். அதுவும் சில நாள் வேலைதான். எஞ்சிய ஏறத்தாழ 38 வாரங்கள் கருப்பையில்தான் கழிகின்றன. அதற்கும் மேலாக, கண்ணாடியிலிருந்து உடலுக்குத் திரும்பும் இளங்கரு, கருப்பையின் உட்புறத்தைப் போர்த்தியுள்ள ஓர் அகப்படலத்தில் பதிந்தாக வேண்டும். பதியாவிட்டால் குழாயின் வெற்றி வெறும் ஆய்வகக் குறிப்பாகவே நின்றுவிடும். ஆயினும் பெயர் குழாய்க்குக் கிடைத்தது, படலத்துக்குக் கிடைக்கவில்லை.

1. படலம் நோயாகக் கருதப்பட்ட காலம்

கருப்பை அகப்படலம் மாதந்தோறும் தடித்து, மாறி, உதிர்ந்து, மீண்டும் வளர்வது இன்று பள்ளிப் பாடம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம்வரை மருத்துவர்களுக்கே இது தெளிவாகத் தெரிந்திருக்கவில்லை. சுரப்பிகள் சுருண்டு பெருத்திருக்கும் படலத்தை நுண்ணோக்கியில் கண்டபோது அதனை அழற்சி என எழுதினர். 1908இல் வியன்னாவின் ஃபிரிட்ஸ் ஹிட்ச்மன், லுட்விக் ஆட்லர் இருவரும், நோயாகக் கொள்ளப்பட்ட அத்தோற்றங்களுள் பல நலமான பெண்ணுடலின் மாதச் சுழற்சியில் அந்தந்த நாளுக்குரிய இயல்பான தோற்றங்களே என நிறுவினர். நாளைக் கேளாமல் படலத்தைப் பார்த்ததால் நேர்ந்த பிழை அது. காலத்தை விட்டுவிட்டுப் படலத்தைப் புரிந்துகொள்ள இயலாது என்னும் இப்பாடம் பின்னரும் பலமுறை மறக்கப்பட்டது.

சுழற்சியை நடத்துவது எது? அதற்குரிய சொல் அப்போதுதான் பிறந்திருந்தது. 1905இல் இலண்டன் மருத்துவர் கழகத்தில் ஆற்றிய உரைகளில் எர்னஸ்ட் ஸ்டார்லிங் ‘ஹார்மோன்’ என்ற சொல்லை அறிமுகப்படுத்தினார். கிளர்ந்தெழச் செய், முடுக்கிவிடு என்னும் பொருள்படும் கிரேக்க வினையடி அது. தமிழில் ‘இயக்குநீர்’ என ஆக்கியவர்கள் அவ்வேரின் பொருளைச் செம்மையாகப் பற்றியிருக்கிறார்கள். ‘ஈஸ்ட்ரஜன்’ என்பதன் வேரோ மாட்டைக் கடித்து வெறிகொள்ளச் செய்யும் ஈயைக் குறிக்கும் கிரேக்கச் சொல். பெண் விலங்கின் இணைவேட்கையை ஈக்கடியின் வெறியாகக் கண்ட மனங்கள் இட்ட பெயர்.

இதற்கு மாறாக, மற்றோர் இயக்குநீரின் பெயர் அதன் பணியைச் சொல்கிறது. 1929இல் அமெரிக்காவின் ராச்செஸ்டரில் ஜார்ஜ் கார்னர், வில்லர்ட் ஆலன் இருவரும், இணைசேர்ந்த முயல்களின் சினைப்பைகளை அகற்றினர். அவ்வாறு விட்டால் கருக்கள் அழிந்துபோகும். பன்றியின் சினைப்பையிலுள்ள மஞ்சள் திரளிலிருந்து எடுத்த சாற்றைச் செலுத்தியபோது படலம் உரிய மாற்றம் பெற்றது, கருக்கள் பிழைத்தன. கருத்தாங்கலுக்கு உதவுவது என்னும் பொருளில் ‘புரொஜெஸ்டின்’ என்றார் கார்னர். 1934இல் ஏறத்தாழ ஒரே காலத்தில் நான்கு குழுக்கள் அப்பொருளைத் தூய நிலையில் பிரித்தெடுத்தன. செருமானியர் ‘லூட்டியோஸ்டெரோன்’ என்றனர். 1935இல் இரு தரப்பும் கூடி இரண்டையும் இணைத்துப் ‘புரொஜெஸ்டெரோன்’ என முடிவு செய்தனர். அறிவியல் வரலாற்றில் பெயர்ப்பூசல் இவ்வளவு இணக்கமாக முடிந்த நிகழ்வுகள் குறைவு.

அடுத்த கட்டத்தில் நம் நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. பெருமைப்படும் பங்கு அன்று. பெண்ணைப் போலவே மாதவிடாய் கொள்ளும் ரீசஸ் குரங்குகள் இந்தியாவிலிருந்து மேலைநாட்டு ஆய்வகங்களுக்குக் கப்பலேறின. 1940இல் ஜோசப் மார்க்கி வெளியிட்ட ஆய்வில், கருப்பைப் படலத்தின் சிறு துணுக்குகள் அக்குரங்குகளின் கண்ணின் முன்னறையில் ஒட்டவைக்கப்பட்டன. விழிப்படலத்தின் ஊடாகவே மாதவிடாயை நேரில் காண முடிந்தது. இயக்குநீரின் அளவு தாழ்ந்ததும் சுருள் நாளங்கள் இறுகுவதையும், பின்னர்க் குருதி கசிவதையும் அவர் பதிவு செய்தார். உடலின் வேறோரிடத்தில் வைக்கப்பட்ட துணுக்கும் மாதக் கணக்கைத் தவறவிடவில்லை. குருதி வழி வரும் செய்தியே படலத்தின் நாட்காட்டி என்பதற்கு இதனினும் தெளிவான சான்று தேவையில்லை. ரீசஸ் குரங்கு ஏற்றுமதியை இந்திய அரசு தடை செய்தது 1978இல், துர்கா பிறந்த அதே ஆண்டில்.

1950இல் இரு கட்டுரைகள் வந்தன. நாய்ஸ், ஹெர்ட்டிக், ராக் ஆகிய மூவர் படலத் துணுக்கைப் பார்த்தே சுழற்சியின் நாளைக் கணிக்கும் முறையை வகுத்தனர். எம். சி. சாங், முயலின் கருவை மற்றொரு முயலுக்கு மாற்றும்போது கருவின் வயதும் பெறுபவளின் சுழற்சி நாளும் ஒத்திருந்தால்தான் அது பிழைக்கும் எனக் காட்டினார். நல்ல விதை இருந்தும் பருவம் தவறினால் பயிர் இல்லை என்பதை உழவர் அறிவர். ஆடிப்பட்டம் தேடி விதைக்கச் சொன்ன மரபுக்கு இது புதிய செய்தி அன்று, ஆய்வகத்துக்குப் புதிது.

2. ஓல்டாமும் கொல்கத்தாவும்

இப்பின்னணியில் 1970களுக்கு வருவோம். ராபர்ட் எட்வர்ட்ஸ், பாட்ரிக் ஸ்டெப்டோ, ஜீன் பர்டி மூவரும் மனிதக் கருமுட்டையைக் கண்ணாடியில் கருவுறச் செய்வதில் தேறியிருந்தனர். 1969இலேயே அது ‘நேச்சர்’ இதழில் வெளிவந்துவிட்டது. ஆயினும் லூயி பிரவுன் பிறக்க மேலும் ஒன்பது ஆண்டுகள் ஆயின. இடையில் நின்றது படலம்.

ஒன்றுக்கு மேற்பட்ட முட்டைகளைப் பெறுவதற்காகப் பெண்களுக்கு இயக்குநீர் ஊசிகள் செலுத்தப்பட்டன. முட்டைகள் கிடைத்தன, கருக்களும் உருவாயின. கருப்பைக்குள் வைத்த கருக்களோ நிலைக்கவில்லை. ஊக்கப்பட்ட சுழற்சியில் பின்பாதி சுருங்கிவிடுவதைக் கண்டு, அதனைத் தாங்க ஒரு செயற்கைப் புரொஜெஸ்டெரோன் வகை மருந்தையும் கொடுத்தனர். அம்மருந்தே தீங்கு செய்ததோ என எட்வர்ட்ஸ் பின்னர் ஐயுற்றார். 1976இல் ஒரு கருப்பதிவு அறிவிக்கப்பட்டது; அதுவும் கருப்பைக்கு வெளியே. இறுதியில் அவர்கள் ஊசிகளையே கைவிட்டனர். லெஸ்லி பிரவுனின் இயற்கைச் சுழற்சியில், 1977 நவம்பர் 10 அன்று, ஒரே ஒரு முட்டையை எடுத்தனர். ஒற்றை முட்டை, கெடாத படலம். அவ்வழி வென்றது.

கொல்கத்தாவில் சுபாஷ் முகர்ஜி அதே முடிச்சை வேறு முனையிலிருந்து அவிழ்த்தார். 1931 ஜனவரி 16 அன்று ஹஜாரிபாக்கில் பிறந்தவர். மருத்துவப் பட்டத்துடன் இரு முனைவர் பட்டங்களும் பெற்றவர். இரண்டாவது, 1967இல் எடின்பரோவில் ஜான் லோரெய்னிடம், இயக்குநீர்களை அளவிடும் முறைகள் குறித்துப் பெற்றது. இந்தப் பயிற்சியை அடிக்கோடிட விரும்புகிறேன். முட்டையைக் கையாள்பவராக மட்டுமன்றி, சுழற்சியின் ஒவ்வொரு நாளிலும் குருதியிலும் சிறுநீரிலும் என்ன ஏறுகிறது, என்ன இறங்குகிறது என்று அளந்து பழகியவராக அவர் இச்சிக்கலை அணுகினார்.

குளிர்நிலை உயிரியலில் ஈடுபட்டிருந்த சுனித் முகர்ஜி, மகப்பேறு மருத்துவர் சரோஜ்காந்தி பட்டாச்சார்யா ஆகியோருடன் அவர் செய்தது இது: மாதவிடாய் நின்ற பெண்களின் சிறுநீரிலிருந்து பெறப்படும் கோனடோட்ரோபினைச் செலுத்திப் பல முட்டைகளை வளர்த்தார். யோனியின் பின்சுவர் வழியாகச் சிறு திறப்பிட்டு அவற்றை எடுத்தார். கருவுறச் செய்து, எட்டு செல் நிலையில் டைமெத்தில் சல்ஃபாக்சைடு என்னும் காப்புப் பொருளுடன் உறைய வைத்தார். 53 நாள்கள் கழித்து, உறைநிலையிலிருந்து மீட்ட கருவை, ஊசி ஏதும் போடாத பின்னொரு இயற்கைச் சுழற்சியில் கருப்பைக்குள் வைத்தார்.

இவ்வரிசையைக் கவனியுங்கள். ஓல்டாமில் பல முட்டைகளா, கெடாத படலமா என்ற தெரிவில் முட்டைகளைத் துறந்தனர். கொல்கத்தாவில் இரண்டும் வேண்டும் என்றார் முகர்ஜி. ஒரே மாதத்தில் இரண்டையும் பெற இயலாது. ஆகவே ஒரு மாதத்தை முட்டைக்கும் வேறொரு மாதத்தைப் படலத்துக்கும் கொடுத்தார். இடைப்பட்ட காலத்தைக் குளிரால் நிரப்பினார். உறைவித்தல் இங்குச் சேமிப்பு உத்தி மட்டும் அன்று. இரு கடிகாரங்களைப் பிரித்துப் பின் இணைக்கும் உத்தி. துர்காவின் பிறந்த நாளிலிருந்து முழுக்காலக் கர்ப்பத்தையும் அந்த 53 நாள்களையும் கழித்துப் பார்த்தால் 1977இன் இறுதி மாதங்களை அடைகிறோம். ஓல்டாமில் லெஸ்லி பிரவுனின் முட்டை எடுக்கப்பட்டதும் அதே பருவம்தான்.

3. ஐந்நூறு மைலும் ஒரு குழுவும்

அதன்பின் நடந்தது பலருக்கும் தெரியும். ஆகவே சுருக்கமாகச் சொல்கிறேன். 1978 நவம்பரில் மேற்கு வங்க அரசு அவருடைய கூற்றை ஆராய ஒரு குழுவை அமைத்தது. தலைமை ஒரு வானொலி இயற்பியலாளருக்குத் தரப்பட்டது. மனிதக் கருவை உடலுக்கு வெளியே வளர்ப்பதிலும் உறைவிப்பதிலும் நேரடிப் பட்டறிவு உடையோர் அதில் இல்லை. கூற்று நம்பத்தகாதது என்று குழு தள்ளியது. 1979இல் ஜப்பானுக்குச் சென்று தம் ஆய்வைப் பேச வந்த அழைப்புக்கு அரசு இசைவு தரவில்லை. 1981இல் அவர் கண் மருத்துவ நிறுவனம் ஒன்றுக்கு இடமாற்றப்பட்டார். கருப்பையின் நாட்காட்டியை அளந்தவருக்குக் கண்ணின் மின்னியக்கம். அவ்வாண்டு ஜூன் 19 அன்று அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். வயது 50.

குழுவின் குற்றம் எது? அறியாமை எனச் சொல்லிவிட்டு நகர்வது எளிது. எனக்கு அது வகைமைப் பிழையாகத் தோன்றுகிறது. அவர்கள் முன் இருந்த சொல் சோதனைக் குழாய்க் குழந்தை. ஆகவே அவர்கள் குழாயைத் தேடினார்கள்: கருவி எங்கே, உறைகலன் எங்கே, மின்தடை நேர்ந்தால் என்ன ஆகும்? முகர்ஜியின் புதுமையோ சுழற்சிகளின் வரிசையில் இருந்தது. அதனைக் கேட்கத் தெரிய, படலம் ஒரு சிக்கல் என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும். அவர்கள் கைக்கொண்ட பெயரில் படலமே இல்லை.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அவருடைய பதிவுகள் குறைவு. 1978இல் உறைவித்தல் பற்றிய சுருக்கமான குறிப்பு ஒன்று வெளிவந்தது இந்தியக் குளிரியல் இதழில். இனப்பெருக்க உடலியலார் வழக்கமாகப் புரட்டும் இதழ் அன்று அது. குடும்பத்தின் அடையாளத்தை வெளிப்படுத்த அவர் விரும்பவில்லை. சமூகத்தின் வாய்க்கு அஞ்சிய பெற்றோருக்கு அவர் தந்த காப்பு அது. ‘மலடி’ என்ற சொல்லுக்கு ஆண்பால் வடிவம் அகராதியில் இருந்தும் வசவாகப் புழங்காத ஒரு மொழிச்சூழலில் வாழும் நமக்கு அவ்வச்சம் விளங்கும். ஐயுறுவதற்கு இடம் இருந்தது என்பது உண்மை. ஐயுறுவதற்கும் அவமதிப்பதற்கும் இடையே உள்ள தொலைவும் உண்மை. அறிவியல் ஐயம் சான்றைக் கேட்கும். சான்றைத் திரட்டவும் வெளியிடவும் வழிவிடும். இங்கு வழியே அடைக்கப்பட்டது.

4. செய்தியைச் சுமப்பவை

முகர்ஜி இறந்து ஓராண்டு ஈராண்டுக்குள் உலகம் அவர் வழிக்கு வந்தது. 1983இல் ஆஸ்திரேலியாவில் டிரவுன்சன், மோர் இருவரும் உறைவித்த எட்டு செல் கருவிலிருந்து கர்ப்பம் உண்டானதை அறிவித்தனர், அது நிறைவுறவில்லை. 1984இல் மெல்போர்னில் உறைகருக் குழந்தை பிறந்தது. ஆனால் ஊக்கிய சுழற்சியில் படலம் ஏன் கெடுகிறது என்ற வினா அப்போதும் திறந்தே இருந்தது. அதற்கு விடை வந்த வழி சுற்றுவழி.

இயக்குநீர் படலத்தை வளர்க்கிறது என்பது ஒரு சுருக்கக் கூற்று. எந்த செல் செய்தியைப் பெறுகிறது, எந்த செல் வளர்கிறது? இரண்டும் ஒன்றே என நெடுங்காலம் கருதப்பட்டது. 1962இல் ஸ்டான்லி கோயன் சுண்டெலியின் உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்து ஒரு புரதத்தைப் பிரித்தார். பிறந்த எலிக்குட்டிக்குச் செலுத்தினால் கண்ணிமைகள் உரிய நாளுக்கு முன்பே திறந்தன. அதற்கு மேற்றோல் வளர்ச்சிக் காரணி என்று பெயர். ‘காரணி’ என்ற சொல்லை மொழி மாணவர்கள் கவனிக்கலாம். விளைவு தெரிந்து, பொருள் தெரியாத நிலையில் அறிவியல் இடும் தற்காலிகப் பெயர் அது. பொருள் தெரிந்த பின்னும் பெயர் ஒட்டிக்கொள்கிறது. கோயன் 1986இல் ரீட்டா லெவி மொந்தால்சினியுடன் நோபல் பரிசு பெற்றார்.

1991இல் ஓர் அமெரிக்கக் குழு, சினைப்பை அகற்றப்பட்ட சுண்டெலிகளுக்கு ஈஸ்ட்ரஜன் தராமல் இந்த வளர்ச்சிக் காரணியை மட்டும் தந்தது. கருப்பையின் எபிதீலியம், ஈஸ்ட்ரஜன் பெற்றதைப் போலவே பெருகியது. அரசனின் ஆணை இன்றியே தூதன் சொல்லுக்கு ஊர் அசைந்தது என்று கொள்ளலாம். 1997இல் பால் குக்கின் குழு மேலும் ஒரு படி சென்றது. ஈஸ்ட்ரஜன் ஏற்பி உள்ள திசுவையும் இல்லாத திசுவையும் மாற்றி மாற்றி இணைத்துப் பார்த்தது. மேலே உள்ள எபிதீலியம் ஈஸ்ட்ரஜனுக்கு விடையாகப் பெருக, அதற்கே ஏற்பி இருக்க வேண்டியதில்லை. அடியில் உள்ள ஸ்ட்ரோமா என்னும் தாங்கு திசுவில் இருந்தால் போதும் என்று தெரிந்தது. ஸ்ட்ரோமா செய்தியைப் பெற்று, வளர்ச்சிக் காரணிகளைச் சுரந்து, அண்டையிலுள்ள எபிதீலியத்தை வளரச் செய்கிறது.

வளர்ச்சியை நிறுத்துவது யார்? 2011இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் மிலன் பாக்சி, இந்திராணி பாக்சி ஆகியோரின் குழு ‘சயன்ஸ்’ இதழில் விடை தந்தது. புரொஜெஸ்டெரோன் ஸ்ட்ரோமாவில் ‘ஹேண்ட்2’ என்னும் மரபணுவை எழுப்புகிறது. அது ஃபைப்ரோபிளாஸ்ட் வளர்ச்சிக் காரணிகள் பலவற்றின் உற்பத்தியை அடக்குகிறது. மேலே எபிதீலியத்தின் பெருக்கம் நிற்கிறது. நின்றால்தான் அது கருவை ஏற்கும் நிலைக்கு வரும். ஹேண்ட்2 நீக்கப்பட்ட சுண்டெலிகளில் எபிதீலியம் பெருகிக்கொண்டே இருந்தது, கரு பதியவில்லை. கருவை ஏற்பதற்கு வளர்ச்சி மட்டும் போதாது, உரிய நாளில் வளர்ச்சி ஓய வேண்டும். அடக்குவோர் இல்லாமல் ஈஸ்ட்ரஜன் நெடுநாள் இயங்கினால் படலத்தில் புற்றுநோய் வாய்ப்பு கூடும் என்பது 1975இலிருந்தே மருத்துவர் அறிந்தது. அப்புற்றில் ஹேண்ட்2 வாயடைக்கப்பட்டிருப்பது 2013இல் தெரியவந்தது.

ஏற்கும் நாளிலும் வளர்ச்சிக் காரணிகளே பேசுகின்றன. 1992இல் காலின் ஸ்டுவர்ட் குழுவினர் ‘லிஃப்’ எனச் சுருங்க வழங்கும் ஒரு புரதம் இல்லாத பெண் சுண்டெலிகளை ஆராய்ந்தனர். அவற்றில் நலமான கருக்கள் உருவாயின, பதியவில்லை. அதே கருக்களை இயல்பான எலியின் கருப்பைக்கு மாற்றினால் பதிந்தன. குறை கருவில் இல்லை, படலத்தில் இருந்தது. 1994இல் கான்சஸில் பணியாற்றிய சுதான்ஷு தே, சஞ்சய் தாஸ் ஆகியோரின் குழு, கரு ஒட்டுவதற்கு ஆறேழு மணி நேரத்துக்கு முன்பே, கரு அமர்ந்திருக்கும் இடத்தில் மட்டும், படலம் ஒரு வளர்ச்சிக் காரணியைச் சுரக்கத் தொடங்குவதைக் கண்டது. வாசலில் காலடி கேட்டதும் விளக்கேற்றும் வீடு போல.

இனி ஊக்கிய சுழற்சிக்குத் திரும்பலாம். ஒரு முட்டைக்குப் பதில் பத்துப் பதினைந்து முட்டைகள் வளரும்போது குருதியில் ஈஸ்ட்ரஜன் பல மடங்கு ஏறுகிறது. புரொஜெஸ்டெரோனும் சில வேளைகளில் முந்திக்கொண்டு ஏறுகிறது. வளர்க்கும் செய்தியும் நிறுத்தும் செய்தியும் தம் அளவையும் முறையையும் இழக்கின்றன. படலம் கருவைக் காட்டிலும் சில நாள் முன்னே ஓடிவிடலாம். கரு வரும்போது கதவு சாத்தப்பட்டிருக்கும். சாங்கின் முயல்கள் 1950இல் சொன்னதை இம்மூலக்கூறுகள் விளக்கின.

5. பின்னோக்கிப் பார்ப்பதன் பிழை

இங்கு வரலாற்று மாணவர் என்ற முறையில் எனக்கு நானே ஓர் எச்சரிக்கை விடுத்துக்கொள்கிறேன். முகர்ஜி ஹேண்ட்2-ஐ அறிந்தவர் அல்லர். பின்வந்த அறிவை அவர் தலையில் ஏற்றிப் புனிதராக்குவது, அவரை மறுத்த குழுவின் பிழைக்கு மறுதலையான பிழை. அவர் அறிந்திருந்தது இயக்குநீர்களின் ஏற்ற இறக்கமும், இயற்கைச் சுழற்சியே கருவை ஏற்கும் சுழற்சி என்ற உடலியல் தெளிவும். அவ்வளவே அவருக்குப் போதுமானதாக இருந்தது.

அவர் வழி எல்லார்க்கும் எப்போதும் மேலானது என்பதும் பொருந்தாது. 2016இல் சீனாவில் 1508 பெண்களிடம் நடந்த ஆய்வில், சினைப்பை நீர்க்கட்டிச் சிக்கல் உடையோருக்கு உறைவித்த கருவால் உயிருள்ள குழந்தை பிறந்தது 49.3 விழுக்காட்டினர்க்கு, உடனடி மாற்றத்தில் 42.0 விழுக்காடு. சினைப்பை மிகையாகத் தூண்டப்படும் ஆபத்தும் 7.1இலிருந்து 1.3 விழுக்காடாகக் குறைந்தது. இவர்கள்தாம் ஊசிக்கு மிகுதியான முட்டைகளைத் தருவோர். சுழற்சி ஒழுங்காக உள்ள பெண்களிடம் 2018இல் வெளிவந்த சீன, வியட்நாம் ஆய்வுகளில் இரு முறைகளுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. படலம் எங்கு மிகுதியாகக் குலைகிறதோ அங்கு இரு மாதங்களாகப் பிரிக்கும் உத்தி மிகுதியாக உதவுகிறது. ஒரு கருத்தின் எல்லையை அறிவதும் அதற்குச் செய்யும் மரியாதைதான்.

6. பெங்களூரிலிருந்து ஒரு திருத்தம்

1986 ஆகஸ்ட் 6 அன்று மும்பையில் ஹர்ஷா பிறந்தபோது இந்தியாவின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தை என நாடு கொண்டாடியது. அதன் பின்னிருந்தவர்கள் மகப்பேறு மருத்துவர் இந்திரா ஹிந்துஜாவும், இனப்பெருக்க ஆய்வு நிறுவனத்தின் இயக்குநர் டி. சி. ஆனந்த் குமாரும். முகர்ஜியின் பெயர் அப்போது ஒரு வங்கத் துயரக் கதையாக மட்டும் எஞ்சியிருந்தது. தபன் சின்ஹாவின் ‘ஏக் டாக்டர் கி மௌத்’ திரைப்படம் அதனை வடநாட்டில் சிலருக்கு நினைவூட்டியது.

ஓய்வுக்குப் பின் பெங்களூரில் வாழ்ந்த ஆனந்த் குமார் 1997இல் ஒரு மாநாட்டுக்காகக் கொல்கத்தா சென்றார். முகர்ஜியின் குறிப்புகளும் கடிதங்களும் அவர் கைக்கு வந்தன. வாசித்தார், துர்காவின் பெற்றோருடன் பேசினார், நம்பினார். அவ்வாண்டு ஏப்ரல் 10 நாளிட்ட ‘கரண்ட் சயன்ஸ்’ இதழில், இந்தியாவின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தையை உருவாக்கியவர் சுபாஷ் முகர்ஜியே என எழுதினார். 1932 முதல் இதே பெங்களூரிலிருந்து வெளிவரும் இதழ் அது. அக்கட்டுரையால் ‘முதல்வர்’ என்ற பட்டத்தை இழந்தவர் அதை எழுதியவரேதான். 2003இல், தம் 25ஆம் அகவையில், துர்கா பொதுமேடையில் தம்மை வெளிப்படுத்திக்கொண்டார்.

முகர்ஜியை மறுத்த அறிக்கையையும் ஆனந்த் குமாரின் கட்டுரையையும் ஆய்வு மாணவர்கள் அடுத்தடுத்து வைத்து எண்ணிப் பார்க்கலாம். ஒன்றை எழுதியோர்க்கு மறுப்பதால் இழப்பு ஏதும் இல்லை. மற்றொன்றை எழுதியவருக்கு ஏற்பதால் இழப்பு இருந்தது. மதிப்பீட்டாளரின் தகுதி என்பது துறையறிவோடு முடிவதில்லை. சான்று தமக்கு எதிராக நின்றாலும் அதனை வாசிக்கும் பொறுமையும் அதில் அடங்கும்.

நான் வாழும் விவேக் நகரில் குழந்தை இயேசு திருத்தலம் உள்ளது. வியாழக்கிழமைகளில் நவநாள் செபத்துக்கு நகரின் பல பகுதிகளிலிருந்தும் மக்கள் வருகின்றனர்; தமிழ் வேண்டுதல்கள் தெருவரை கேட்கும். குழந்தைப் பேறு வேண்டி வருவோரும் அவர்களுள் உண்டு. அதே நகரில் கருத்தரிப்பு மையங்களின் விளம்பரப் பலகைகளுக்கும் குறைவில்லை. அம்மையங்களில், “இந்த மாதம் முட்டை எடுத்து உறைய வைத்துக்கொள்வோம், படலம் தயாரானதும் அடுத்த மாதம் வைப்போம்” என்று இன்று மிக இயல்பாகச் சொல்கிறார்கள். அவ்வாக்கியம் 1978இல் ஒருவரைப் பொய்யர் எனப் பழிக்கப் போதுமானதாக இருந்தது.

ஆகவே கலைச்சொல் ஆக்குவோர்க்கு ஒரு வேண்டுகோள். ‘சோதனைக் குழாய்க் குழந்தை’ என்ற தொடரைப் பாடநூல்களிலிருந்தேனும் விலக்கலாம். ‘உடல்வெளிக் கருவுறுதல்’ என்பது நடந்ததைச் சொல்கிறது. அதனுடன் ‘கருப்பதிவு’, ‘ஏற்புக்காலம்’, ‘அகப்படலம்’ ஆகிய சொற்களையும் அதே பக்கத்தில் மாணவருக்குத் தரலாம். பெயரில் இடம் பெறாதது பார்வையிலும் இடம் பெறாது. அதற்கு ஒருவர் கொடுத்த விலையை நாம் அறிவோம்.

உயிரியல், மருத்துவத் துறை நண்பர்கள் பிழை கண்டால் திருத்துக. மேலான கலைச்சொற்கள் இருப்பின் பகிர்க, நன்றியுடன் ஏற்பேன்.